செப்டம்பர் 22 யாருடைய தேதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 22 வந்தால் உங்கள் பத்திரிகை உட்பட எல்லாப் பத்திரிகைகளும் சென்னை தினத்துக்குப் பக்கம் ஒதுக்குகின்றன. டிராம் வண்டிப் படம், மூர் மார்க்கெட் படம், பழைய கடற்கரைச் சாலை என்று ஒரு வாரம் ஓடுகிறது. நானும் விரும்பிப் படிப்பவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சரியாக ஒரு மாதம் கழித்து செப்டம்பர் 22 வருகிறது. 1914-ல் அந்த இரவில்தான் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இந்த ஊர்மேல் குண்டு போட்டது. இந்த வருடம் அந்தத் தேதி உங்கள் பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லாமல் கடந்துபோனது. 2014-ல் நூறாண்டு ஆனபோது ஆளாளுக்கு எழுதினார்கள். அப்புறம் அவ்வளவுதான்.

இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த எம்டன், இரவு ஒன்பதரை மணி வாக்கில், கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் நின்றது. தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகளைக் குறிவைத்துச் சுட ஆரம்பித்தது. அரை மணி நேரத்துக்குள் 125-க்கும் மேற்பட்ட குண்டுகள். டேங்குகள் பற்றிக்கொண்டன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற சரக்குக் கப்பலும் அடிபட்டது. சில குண்டுகள் ஊருக்குள்ளும் விழுந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டதில் ஒன்றுகூட எம்டன்மீது படவில்லை. அது விளக்கை அணைத்துக்கொண்டு போயே போய்விட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் பத்துக்கும் மேல் என்கின்றன பதிவுகள்.

எம்டன் என்ற பெயர், பொல்லாத ஆள் என்ற பொருளில், நம் பேச்சில் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை எல்லாக் கட்டுரைகளும் தவறாமல் சொல்லிவிடுகின்றன, அதை நான் வேறு திரும்பச் சொல்ல வேண்டாம். நான் கேட்க வந்தது வேறு. இறந்த அந்த ஐந்து பேர் யார்?

இந்தக் கதையை நம்மவர்கள் சொல்லும் விதத்தைக் கவனித்திருப்பீர்கள். முல்லர் கண்ணியமானவர், பொதுமக்களைக் குறிவைக்கவில்லை. கூடுதலாக ஒரு போலிப் புகைபோக்கி மாட்டி எல்லோரையும் ஏமாற்றினார். கப்பல் அழிந்த பிறகும் அதன் மாலுமிகள் சிலர் பாய்மரக் கப்பலில் தப்பி அரேபியா வரை போனார்கள். எல்லாம் சுவாரசியம்தான். போதாததற்கு, விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்து வழிகாட்டினார் என்று ஒரு கதை வேறு. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று ஆய்வாளர்கள் பலமுறை எழுதிவிட்டார்கள். அவர் தனியாகவே பெரிய ஆள், அந்தக் கப்பலில் ஏற்றித்தான் அவரைப் பெரியவராக்க வேண்டும் என்பதில்லை. ஆக, நாம் நினைவில் வைத்திருப்பது சுட்டவர்களைத்தான். சுடப்பட்ட ஊர் கதையில் வெறும் பின்னணி.

எம்டன் போன வழியில் இருக்கும் மற்ற இடங்களைப் பாருங்கள். சென்னைக்கு வந்துபோன ஐந்து வாரத்தில், அக்டோபர் 28 அன்று, பினாங்கு துறைமுகத்தில் ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலை அது மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்ட ரஷ்ய மாலுமிகள் செத்தார்கள். பினாங்கு கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, ரஷ்யத் தூதரகத்தினர் வந்து மலர்வளையம் வைக்கிறார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை அடித்து நொறுக்கியது. எம்டனின் பீரங்கி ஒன்று இன்றும் சிட்னி நகரத்து ஹைட் பார்க்கில் நிற்கிறது. ஜெர்மனியிலோ, எம்டனில் இருந்தவர்களின் குடும்பங்கள் தங்கள் பெயரோடு அந்தக் கப்பலின் பெயரைச் சேர்த்துக்கொள்ள அரசே அனுமதித்தது. அவர்களுடைய கடற்படையும் அடுத்தடுத்த கப்பல்களுக்கு அதே பெயரை வைத்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது? உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்கு மதிலில் ஒரு கல்வெட்டுப் பலகை, கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு குண்டுத் துண்டு. பலகை, தாக்கிய கப்பலின் பெயரைச் சொல்கிறது, தேதியைச் சொல்கிறது. இறந்தவர் எவர் பெயரும் அதில் இல்லை. குண்டு பட்ட சுவருக்கு ஞாபகக்கல் வைத்திருக்கிறோம், மனிதர்களுக்கு இல்லை.

"அது வெள்ளைக்காரன் சண்டை, எரிந்தது வெள்ளைக்காரன் எண்ணெய், நமக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். சுப்ரா, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். அந்தக் கம்பெனிக் கப்பல்களில் கரி அள்ளியவர்களும் தளம் கழுவியவர்களும் பெரும்பாலும் லஸ்கார்கள், அதாவது நம் நாட்டு மாலுமிகள். துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களும் எண்ணெய்க் கிடங்கில் காவல் நின்றவர்களும் லண்டனிலிருந்து வந்தவர்கள் இல்லை. கம்பெனி யாருடையதாக இருந்தாலும் அந்த நேரத்தில் அங்கே வேலையில் இருந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எண்ணெயை எரிப்பது மட்டும் முல்லரின் நோக்கமாக இருக்கவில்லை. வெள்ளைக்காரர்களின் கௌரவத்தைக் குலைக்க வேண்டும், வியாபாரத்தைக் கலைக்க வேண்டும், இந்தியர்கள் மத்தியில் ஒரு சலனத்தை உண்டாக்க வேண்டும் என்பதே எண்ணம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அது நடக்கவும் செய்தது. ராணுவக் கணக்கில் சேதம் பெரிதல்ல. ஆனால் அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள், ரயில்கள் நிரம்பி வழிந்தன. குறி உண்மையில் ஊர் ஜனங்களின் மனசுதான் என்றால், அந்த ஜனங்களின் பயமும் ஓட்டமும் அல்லவா கதையின் மையமாக இருக்க வேண்டும்? அது எங்கேயும் இல்லை. கேப்டன் எழுதிவைத்தது இருக்கிறது, கப்பல் அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகள் இருக்கின்றன. எழும்பூரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு நின்ற ஒரு பெண் எழுதிவைத்தது எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

பழைய குடும்பங்களில் விசாரித்தால் இன்னொரு சிக்கல். "எங்க தாத்தா காலத்துல குண்டு போட்டாங்க, எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டுப் போனாங்க" என்பார்கள். எந்தக் குண்டு என்று கேட்டால் தெரியாது. 1942 ஏப்ரலிலும் ஒரு பெரிய ஓட்டம் நடந்தது. ஜப்பானியர்கள் ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் குண்டு போட்டதும், சென்னையில் அவசியம் இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று அரசாங்கமே அறிவித்தது. அலுவலகங்கள் வெளியூர்களுக்குப் போயின. இந்த இரண்டும் வீட்டுக் கதைகளில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அதில் தப்பில்லை, வாய்வழிக் கதை அப்படித்தான் இருக்கும். ஆனால் பிரித்துச் சொல்ல வேண்டிய பள்ளிக்கூடமும் பத்திரிகையும் அந்த வேலையைச் செய்யவில்லை. இன்னும் பத்து இருபது வருடத்தில் 1942-ஐ நேரில் பார்த்தவர்களும் இருக்கமாட்டார்கள்.

பெயர்களைப் பதிவு செய்யும் வழக்கமே இங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. நந்தம்பாக்கத்தில் இருக்கும் போர்க் கல்லறைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். புல்லை ஒழுங்காக வெட்டி, பூச்செடி வைத்து, காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் அவ்வளவு சுத்தமாகப் பராமரிக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்து, பராமரிக்க முடியாத இடங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினரின் பெயர்களை அங்கே ஒரு நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள். சண்டையில் செத்தவர் மட்டுமல்ல, நோயில் செத்தவர்களும் அதில் உண்டு. சீருடை போட்டிருந்தால் காய்ச்சலில் செத்தவருக்கும் பெயர் கிடைக்கிறது. சீருடை இல்லாவிட்டால், எதிரிக் கப்பல் சுட்ட குண்டிலேயே செத்தாலும் "குறைந்தது ஐந்து பேர்" என்ற எண்ணிக்கைதான். அந்தக் "குறைந்தது" எனக்கு ரொம்பவே உறுத்துகிறது. நூறு வருடம் தாண்டியும் எண்ணிக்கையைக்கூட நாம் சரிபார்க்கவில்லை.

விழா எடுக்கச் சொல்லவில்லை. வருடா வருடம் மேடை, மாலை, அமைச்சர் பேச்சு என்று ஆரம்பித்தால் அதுவும் இன்னொரு சடங்காகிவிடும், இறந்தவர்கள் அங்கேயும் பின்னால்தான் நிற்பார்கள். நான் கேட்பது சின்ன விஷயம், உங்களால் முடிகிற விஷயம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு உங்கள் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். 1914 செப்டம்பர், அக்டோபர் மாதத்து அரசு ஆணைகளையும் போலீஸ் பதிவுகளையும் அவர் புரட்டிப் பார்க்கட்டும். அன்றைக்கு வந்துகொண்டிருந்த சுதேசமித்திரன், இந்து ஆகியவற்றின் அந்த வாரத்துப் பிரதிகளையும் பார்க்கட்டும். இறந்தவர்கள், காயம்பட்டவர்கள் பெயர் எத்தனை கிடைக்கிறதோ அத்தனையையும், எந்தப் பதிவில் கிடைத்தது என்ற விவரத்தோடு அடுத்த செப்டம்பர் 22 அன்று போடுங்கள். ஒரு பெயர்தான் கிடைத்தது என்றால் அந்த ஒன்றைப் போடுங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால், எங்கெங்கே தேடினீர்கள் என்பதையாவது எழுதுங்கள், அடுத்துத் தேடுகிறவருக்கு உதவும்.

பெயர்கள் கிடைத்தால் உயர் நீதிமன்ற மதிலில் இருக்கும் பலகைக்குப் பக்கத்தில் இன்னொன்று வைக்கச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுக்கலாம். அது பிறகு. துறைமுகத்தின் பழைய பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கேட்டு நானும் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதில் வந்தால் உங்களுக்கு ஒரு நகல் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ராயபுரம், சென்னை