ஜின் பாட்டிலில் மூலிகைப் பெயர்கள் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவாவின் சிறு வடிசாலைகளில் தயாராகும் ஜின் என்ற மதுபானத்தின் வகைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தொழிலின் வளர்ச்சியைப் பற்றிய செய்திகள் நன்றாகத் திரட்டப்பட்டிருந்தன. ஆனால் மஞ்சள், மிளகு, அதிமதுரம் என்று பாட்டிலில் அச்சிட்டிருக்கும் பெயர்களை வரிசையாக அடுக்கி, அவற்றுக்கு நம் வீடுகளில் உள்ள மருத்துவ மதிப்பு அந்தப் பானத்துக்கும் உண்டு என்று வாசகர் எண்ணிக்கொள்ளும்படி எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. வாசனை எண்ணெய்களை வடித்தெடுக்கும் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இது குறித்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஜின்னுக்கு அடிப்படை, தானியத்திலிருந்தோ கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்தோ கிடைக்கும், மணமும் சுவையும் ஏறக்குறைய நீக்கப்பட்ட எரிசாராயம். அதில் ஜூனிப்பர் என்ற ஊசியிலைத் தாவரத்தின் காய்கள், கொத்தமல்லி விதை, ஏஞ்செலிகா வேர், எலுமிச்சைத் தோல் முதலியவற்றை ஊறவைத்துச் செப்புக் கலனில் மறுபடியும் காய்ச்சி வடிக்கிறார்கள். பாம்பே சஃபையர் என்ற ஜின்னின் தயாரிப்பாளர்களைப் போன்ற சிலர் ஊறவைப்பதில்லை. ஆவி மேலேறும் வழியில் மூலிகைக் கூடையை வைத்து, அதனூடே ஆவியைச் செலுத்துகிறார்கள். எந்த முறையானாலும், ஆவியாகக் கூடியது மட்டுமே குழாயைக் கடந்து மறுபக்கம் வந்து சேரும். ஜூனிப்பரின் பைனீன், கொத்தமல்லியின் லினலூல், எலுமிச்சைத் தோலின் லிமோனீன் ஆகிய மணப்பொருள்கள் வரும். மஞ்சளின் குர்குமின் வராது, மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் வராது, அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசினும் வராது. மிளகு ரசம் கொதிக்கும் பாத்திரத்தின் மூடியில் படிந்த நீரைச் சுவைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: மணம் இருக்கும், காரம் இருக்காது. கோவாவில் தயாராகும் ஹபுசா என்ற ஜின்னில் இமயமலை ஜூனிப்பருடன் மஞ்சளும் சேர்கிறது என்றாலும், பானம் தண்ணீரைப் போல நிறமற்றே இருக்கிறது. மஞ்சளின் பெயரால் நாம் போற்றும் பொருள் கலனின் அடியில் தங்கிவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதைத் தயாரிப்பாளர்களின் குறையாக நான் சொல்லவில்லை. அவர்கள் நாடுவது மணத்தை. அந்த மணம் உண்மையாகவே கிடைக்கிறது, அதைச் சேர்ப்பதில் திறமையும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வழக்கமான மூலிகைகளின் இறக்குமதி தடைப்பட்டபோது, கொழும்பின் ராக்லண்ட் வடிசாலையினர் உள்ளூரில் கிடைத்த கறுவாப்பட்டை, இஞ்சி, கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கொண்டு ஒரு ஜின்னை உருவாக்கினார்கள். கறிவேப்பிலையின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருப்பதால் அந்தத் தேர்வு தொழில்நுட்பப்படி மிகச் சரியானது. இதற்கு நேர்மாறான வரலாறும் ஜின்னுக்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில், 1751ஆம் ஆண்டுச் சட்டம் வந்து கட்டுப்படுத்தும் வரை பெருகிக் கிடந்த மலிவான ஜின்னில், ஜூனிப்பருக்குப் பதிலாக, பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கும் டர்பன்டைனைக் கலந்தவர்கள் இருந்தார்கள். இரண்டிலும் இருப்பது அதே பைனீன் என்பதால், குடித்தவர்களின் மூக்கை ஏமாற்றுவது கடினமாக இருந்திருக்காது.

ஆகவே எத்தனை மூலிகைகள் என்பதைவிட, அவை எந்தக் கட்டத்தில் சேர்க்கப்பட்டன என்பதே கேட்கப்பட வேண்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு விதிமுறை இதை மூன்று வகையாகப் பிரிக்கிறது. வெறுமனே ‘ஜின்’ என்றால், சாராயத்தில் ஜூனிப்பர் மணமூட்டியைக் கலந்தாலே போதும், வடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘வடித்த ஜின்’ என்றால் ஜூனிப்பருடன் சேர்த்து வடிக்க வேண்டும், ஆனால் பின்னர் வேறு மணமூட்டிகளைச் சேர்க்கலாம். ‘லண்டன் ஜின்’ என்றால் மணம் முழுவதும் இயற்கைத் தாவரப் பொருள்களுடன் வடிப்பதன் மூலமே வர வேண்டும். நிறமூட்டி கூடாது, இனிப்பு லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் போகக் கூடாது. இதற்கும் லண்டன் நகரத்துக்கும் தொடர்பில்லை, கோவாவிலும் தயாரிக்கலாம். மூன்று வகைக்கும் ஆல்கஹால் குறைந்தது 37.5 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது பொது.

இப்போது பரவிவரும் நீல நிற ஜின்னை எடுத்துக்கொள்வோம். அந்த நீலம் பெரும்பாலும் நம் வேலிகளில் படரும் சங்குப்பூவிலிருந்து வருவது. ஜின்னுடன் கலக்கும் டானிக் நீரின் புளிப்புப் பட்டதும் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறுவது பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிறமி ஆவியாகாது. எனவே அத்தகைய நீல ஜின் எதுவாக இருந்தாலும் வடித்த பிறகு பூவையோ அதன் சாற்றையோ சேர்த்ததாகவே இருக்க வேண்டும். சங்குப்பூச் சாற்றை மதுபானங்கள் உள்ளிட்ட சிலவற்றில் நிறமூட்டியாகப் பயன்படுத்த அமெரிக்கா 2021இல் அனுமதித்தது. உலர்ந்த பூவை உணவாக விற்பதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் ஆட்சேபம் தெரிவித்தது. வடிக்கும்போது கழிந்துபோகும் பொருளுக்கும், பின்னர் ஊறவைத்து அப்படியே குடிக்கப்படும் பொருளுக்கும் உள்ள வேறுபாடு இங்கே எவ்வளவு முக்கியமாகிறது என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

ஆவியோடு வருவதெல்லாம் நல்லது என்றும் கொள்ள முடியாது. நாம் பிள்ளை வளர்ப்பான் என்று அழைக்கும் வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் என்ற வேதிப்பொருள் ஆவியாகக் கூடியது. ஐரோப்பாவில் அது மதுபானத்தில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, அமெரிக்காவில் உணவில் வசம்புக்கே இடமில்லை. அப்சிந்த் என்ற ஐரோப்பிய மதுபானத்தில் சேரும் வார்ம்வுட் என்ற கசப்புச் செடியில் உள்ள துஜோன் என்ற பொருளுக்கும் இதுபோல வரம்பு உண்டு. புதுமை தேடும் சிறு வடிசாலைகள் நாட்டு மருந்துக் கடையை நோக்கி வரும் இக்காலத்தில், “பாட்டி வைத்தியத்தில் உள்ளதுதானே” என்ற சமாதானம் ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது.

மூலிகை என்ற போர்வை மறைக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் 1988ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டது. அந்தத் தீர்ப்பைக் கொத்தமல்லி விதையோ ஏலக்காயோ தளர்த்துவதில்லை.

நான் பார்த்த பாட்டில்களில் பெரும்பாலானவற்றில் மூலிகைகளின் படங்கள் அழகாக வரையப்பட்டிருக்கின்றன. எவை வடிக்கும்போது சேர்ந்தவை, எவை பின்னர் கலக்கப்பட்டவை என்ற ஒரு வரி இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் மதுபானங்களுக்கென வகுத்த விதிமுறைகள் 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றில் இந்த ஒரு வரியைத் தெளிவாகக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை, இத்தகைய கட்டுரைகளை எழுதுவோர் தயாரிப்பாளர்களிடம் மூலிகைகளின் எண்ணிக்கையைக் கேட்கும்போதே இந்தக் கேள்வியையும் கேட்டு, கிடைத்த பதிலை வெளியிட்டால் என்னைப் போன்ற வாசகர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
விருதுநகர்.