மழைக்கு முன் நம் தெருப் பெரியவர்கள்: மஞ்சக்குப்பம் குழு

அனைவருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைப் புரட்டிப் போட்டபோது, பல நாள் கரண்ட் இல்லை. அந்த இருட்டில் தனியாக இருந்த தாத்தா பாட்டிகள் பட்ட பாடு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால் இப்போதே பேசி வைத்துக்கொள்வோம்.

பிள்ளைகள் வெளியூரில் இருக்க, இங்கே தனியாக வாழும் பெரியவர்கள் யாரும் வீட்டை விட்டு வர விரும்புவதில்லை. அது அவர்கள் உரிமை. தினமும் காலையில் பக்கத்து வீட்டார் ஒருவர் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் போதும், பாதி கவலை தீரும். யார் எந்த வீட்டைப் பார்க்கிறீர்கள் என்று இன்று இரவுக்குள் எழுதுங்கள்.

சுகர், பிரஷர் மாத்திரை தீரப் போகிறதா என்று பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவற்றை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். பெயர் சேராதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்து விடுவோம். பாத்ரூமில் வழுக்கி விழுவதுதான் பெரிய ஆபத்து. கைப்பிடி பொருத்த நம் பிளம்பர் தம்பி கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பொருள் செலவை நாம் பகிர்ந்துகொள்ளலாம்.

அப்புறம், ஓய்வூதியம் வாங்குபவர்கள் உயிர்வாழ் சான்றுக்காக அலைய வேண்டாம், தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிப் பதிவு செய்வார். முதியோர் உதவி எண் 14567, அவசரத்துக்கு 108. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

ஞாயிறு மாலை 5 மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் கூடுவோம்.