பெயின்டரை நிறுத்து

அன்புள்ள சேகர்,

நீ மூணு தடவை போன் அடிச்சும் நான் எடுக்கல, தப்புதான். திட்டறதை நேர்ல வெச்சுக்கோ. உங்கப்பா, அதான் நம்ம வாத்தியார், அவர் விட்டுட்டுப் போன வீட்டை விக்கப் போறியாம், பெயின்டருக்கு அட்வான்ஸும் கொடுத்துட்டியாம், மணி சொன்னான். அதைக் கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியல. அந்த ஆளை நிறுத்துடா!

ஐப்பசி மழை குடிச்ச செவுத்துல இப்ப பெயின்ட் அடிச்சா, பொங்கலுக்குள்ள உப்பிக்கிட்டு உதிரும். வீடு பார்க்க வர்றவன் உன் ஹால் கலரைப் பார்க்க மாட்டான். பாத்ரூமுக்குப் பின்பக்கச் செவுத்தைத்தான் கையால தடவுவான். ஓரடிக்கு ஓரடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு அங்க ஒட்டி வை. ரெண்டு நாள் கழிச்சு உரிச்சா, செவுத்துப் பக்கம் முத்து முத்தா நீர் கோத்திருக்குதான்னு தெரியும்.

கோத்திருந்தா முதல்ல காரணத்தைத் தேடு. ஒண்ணு, பாத்ரூம் பைப் கசியும். இல்லேன்னா ரோட்டை ஒசத்தி ஒசத்தி மண் பேஸ்மட்டத்துக்கு மேல ஏறியிருக்கும். அந்த மட்டத்துக்கு அரை அடி கீழே வரைக்கும் மண்ணை வெட்டி எடு. அப்புறம் ஓதம் ஏறின கோட்டுக்கு மேல ஓரடி வரை பூச்சைக் கொத்திட்டு, செங்கல் இடுக்கை அரை இஞ்ச் சுரண்டு. பூத்த உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டு. கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும். திரும்பப் பூச, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலு பங்கு மணல் கலவை, சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்புரூஃப் திரவம். ஏழு நாள் தண்ணி காட்டி, மொத்தம் நாலு வாரம் காயவிட்டப்புறம்தான் பட்டி, அதான் பெயின்டுக்கு முன்னாடி செவுத்தை வழவழப்பாக்கப் பூசற மாவு. அவசரப்பட்டு அதுக்கு முன்னாடி பார்த்த பட்டி, தோசை மாதிரி எழும்பி வரும்.

மொட்டைமாடியையும் விடாதே. தண்ணி போற ஓட்டையைச் சாக்கால அடைச்சு ரெண்டு இஞ்ச் தண்ணி கட்டி, ஒரு நாள் விட்டுக் கீழ சீலிங்கைப் பாரு. ஒழுகற இடத்தை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைக்கலாம்னு மணி யோசனை சொன்னான் பாரு, அதைக் காதுல போட்டுக்காதே. வாங்கறவன் சாதாரணமாப் பார்த்தாத் தெரியாத குறை உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ சொல்லியாகணும். 1882 சொத்து மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவே அதான்.

பூட்டிக் கிடக்கற வீட்டுல கதவைத் திறந்ததும் ஒரு சாக்கடை வாடை வருமே? தரையில இருக்கற ட்ராப்ல, அதான் சாக்கடை வாடையைத் தடுக்கத் தண்ணி தேங்கி நிக்கற வளைவுல, தண்ணி வத்திடும், அவ்வளவுதான். ஒரு சொம்பு தண்ணி ஊத்தி, மேல ரெண்டு ஸ்பூன் தேங்காயெண்ணெய் விடு, சீக்கிரம் வத்தாது. மாடுலர் கிச்சனுக்கு ஒரு பைசா போடாதே. வர்றவ தன் இஷ்டத்துக்கு இடிப்பா.

விளையாட்டு போதும். உயில் எழுதாம போன அப்பாவோட சொந்தச் சம்பாத்தியத்துல, உனக்கு எவ்வளவோ அக்காவுக்கும் அம்மாவுக்கும் அவ்வளவுதான். வாரிசுச் சான்று, பட்டா பேர் மாற்றம், 30 வருஷ வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் கையில இருந்தாலும், அக்கா கையெழுத்து இல்லாம, வாங்கறவனுக்குக் கடன் கொடுக்கற பேங்க் வக்கீல் ஒப்புக்க மாட்டார். அக்காகிட்ட பணப் பேச்சை அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி பேசு. புரோக்கர் வாயால அக்காவுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் சொல்வேன்.

சாவியை மணிகிட்ட கொடுத்து வை. வெள்ளிக்கிழமை நான் போய் மாடியில தண்ணி கட்டறேன்.

உன்,
ரகு