அரசர் தொட்டால் நோய் போகுமா?

ஆசிரியருக்கு,

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மக்கள் மூடநம்பிக்கையில் மூழ்கிக் கிடந்தார்கள் என்று உங்கள் ஞாயிறு கட்டுரை ஒரே போடாகப் போட்டுவிட்டது. சரி, விஷயம் அவ்வளவு சுலபமா? பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் 1924-இலேயே அரசர் தொட்டு நோய் தீர்க்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு தடித்த நூல் எழுதினார். கண்டமாலை (கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கும் நோய்) வந்தவரை அரசர் தொட்டால் குணமாகும் என்ற நம்பிக்கையை அவர் கிண்டல் செய்யவில்லை, அது இங்கிலாந்து, பிரான்ஸ் என்ற இரண்டு நாடுகளில் பல நூற்றாண்டு எப்படி நிலைத்தது என்று கேட்டார்.

இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லஸ் மட்டும் சுமார் 90,000 பேரைத் தொட்டிருக்கிறார். அதற்கு முன் அரசரின் அறுவை மருத்துவர் கழுத்துக் கட்டியைப் பார்த்து அந்த நோய்தான் என்று சொல்ல வேண்டும், இவர் ஏற்கெனவே தொடப்படாதவர் என்று ஊர்ப் பாதிரியார் சீட்டுத் தர வேண்டும் (கழுத்தில் தங்கக் காசு மாட்டுவார்களே, அதற்காகவே இரண்டாம் முறை வருகிறவர்களும் உண்டு), அப்புறம் வேதம் வாசிக்க வாசிக்க அரசர் தொடுவார். இதில் மருத்துவம் எது, மதம் எது என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

1712-இல் ஆன் அரசியிடம் தூக்கிச் செல்லப்பட்ட குழந்தை சாமுவேல் ஜான்சனுக்கு நோய் போகவில்லை. ஆனாலும், பின்னாளில் ஆங்கில அகராதி தொகுத்த அந்த மனிதர் காசைக் கடைசிவரை கழற்றவில்லை. இதையும் ஒரு வாரம் எழுதுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்