கல்லமேடு டைனோசர் எலும்புப் படிவைப் பாதுகாத்து, முறையாக ஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
கீழே கையொப்பமிட்டுள்ள நிலவியல் ஆசிரியர்கள் மற்றும் புதைபடிவக் களப்பணியாளர்கள்,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
அரியலூர்.

பொருள்: கல்லமேடு படிவில் மண் எடுப்பதை ஒழுங்குபடுத்துதல், கோடையில் அகழாய்வு நடத்துதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அரியலூர் மாவட்டம் கடல் சிப்பிக்கும் அம்மோனைட் எனும் சுருள் ஓட்டுக் கடலுயிரிப் படிவத்துக்கும் பேர்போனது. கல்லமேடு மட்டும் வேறு. டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியில், கடல் விலகிய நிலத்தில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணும் அது. ஆகவேதான் அங்கே டைனோசர் எலும்பு கிடைக்கிறது. 1987ல் நிலவியலாளர்கள் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் புருகத்காயோசரஸ் எனப் பெயரிட்ட மிகப் பெரிய டைனோசர் இங்கே கிடைத்ததுதான். அதன் கீழ்க்கால் எலும்பே 2 மீட்டர் நீளம் எனப் பதிவாகியுள்ளது. அந்த எலும்புகளில் ஒன்றுகூட இன்று இல்லை. பிளாஸ்டர் உறை போட்டும், ஈரத்தில் ஊறியவை உறைக்குள்ளேயே உதிர்ந்துபோயின. மிஞ்சியவை வரைபடங்களும் சில களப் புகைப்படங்களுமே.

இதே நாட்டில், பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கின் தொடக்க ஜுராசிக் காலக் கோட்டா படிவிலிருந்து 1960களின் தொடக்கத்தில் சுமார் 300 எலும்புகள் எடுக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு நிறுத்தப்பட்ட, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி டைனோசரான பாராபாசாரஸின் எலும்புக்கூடு கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இன்றும் நிற்கிறது. நம் மாவட்டத்துக்கும் அது கைகூடும்.

கல்லமேட்டில் முதல் எதிரி ஈரம். களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நடுவில் மாட்டிய எலும்பு நூறு துண்டாகும். எனவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், ஜனவரியில், மழை அரித்துப் புதிதாக வெளிக்காட்டியவற்றைத் தேடிக் குறிக்க வேண்டும். தோண்டுவது பிப்ரவரி முதல் மே வரை மட்டுமே. எலும்பு தெரிந்ததும் கடப்பாரையை ஓரம் வைத்துவிட்டுத் தூரிகையும் பல் மருத்துவ ஊசியும் எடுக்க வேண்டும். நிழலில் உலரவிட்டு, அசிட்டோனில் 5 முதல் 10 சதவீதம் பாரலாய்டு பி-72 எனும் அக்ரிலிக் பசையைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விரிசலில் இறக்க வேண்டும். ஈர எலும்பில் ஊற்றினால் மேலே வெள்ளையாகப் படியுமே தவிர உள்ளே இறங்காது. அதன் பிறகே ஈரக் காகிதம் நாலைந்து அடுக்கு, மேலே பிளாஸ்டரில் தோய்த்த சாக்குக் கீற்றுகள். காகிதத்தை விட்டால் உறையைப் பிரிக்கும்போது எலும்பின் மேற்பரப்பும் சேர்ந்து வரும். நீள எலும்புக்கு மூங்கில் சட்டம் வைத்துக் கட்டாமல் புரட்டினால் நடுவில் முறியும். உறை மேல் கள எண், ஜி.பி.எஸ்., ஆழம், வடக்குத் திசை எழுதி, மழைக்கு முன்பே கூரைக்குக் கீழே சேர்த்தாக வேண்டும்.

பெரிய எலும்பு மட்டும் போதாது. ட்ரூடோன்டிட் எனும் பறவையை ஒத்த டைனோசர் வகையின் சிறு பல் ஒன்று கல்லமேடு படிவிலிருந்து 2013ல் விவரிக்கப்பட்டது. இத்தகைய பற்களுக்கு, மண்ணை வெயிலில் நன்கு காயவைத்து, பிறகு நீரில் ஊறவிட்டு, அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலச வேண்டும். காயாத களிமண் கரையாமல் கட்டியாகவே நிற்கும்.

ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றுக்கு ஆணையிட வேண்டுகிறோம். படிவு வெளித்தெரியும் புல எண்களை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் உதவியுடன் கிராமக் கணக்கில் குறித்து, அங்கே சவுடு, கிராவல், வண்டல் எடுக்க அனுமதி தருமுன் நிலவியலாளர் பார்வையிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். எங்களுக்கு இதுவே முதன்மை. பொக்லைன் ஒரு நாளில் அள்ளுவதை எந்த அகழாய்வும் மீட்காது. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் பிளாஸ்டர், சாக்கு, பசைக் கரைசல் எப்போதும் இருப்பில் இருக்கட்டும். உறைகளை வைக்க ஈரம் புகாத ஓர் அறையும் வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் 100 நாள் வேலைப் பணித்தளப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி அவசியம். 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று ஊரே நம்பியது. உடைந்த பரப்பில் தேன்கூடு போல் நுண்துளை தெரிந்தால் அது எலும்பாக இருக்கலாம். உடனே வேலையை நிறுத்தி, தொடாமல் தார்ப்பாய் மூடித் தகவல் சொன்னால் போதும்.

பயிற்சியை நாங்கள் ஊதியமின்றி நடத்தித் தருகிறோம். வரும் பருவமழைக்கு முன் புல எண்கள் குறிக்கப்பட்டால்தான் ஜனவரியில் தேடல் தொடங்க இயலும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)
இடம்: அரியலூர்