ஸ்பூனைச் சாய்த்துக் காட்டுங்கள்

சென்னையின் அங்கன்வாடி மையங்களிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாய்மார்களுக்கு ஊட்டச்சத்து வகுப்பு நடத்தும் அலுவலர்களுக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் வசிக்கும் ஒரு தாய் எழுதுகிறேன். என் மகள் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடித்து நன்றாக வளர்ந்தாள். அதன் பிறகு எடை அட்டையில் அவளுடைய கோடு ஏறவே இல்லை. அந்த மாதங்களில் நான் வகுப்புக்குப் போகாமல் இருக்கவில்லை. புரதம், இரும்புச்சத்து, வைட்டமின் என்று படம் காட்டிச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயத்தில் குழைந்த சாதத்தை ரசம் விட்டுக் கரைத்து, வடிகட்டிப் புகட்டினேன். அங்கன்வாடியில் தந்த சத்துமாவையும் தண்ணீராகவே காய்ச்சினேன். மடமடவென்று குடித்துவிடுவாள்; வயிறு நிறைந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒன்பதாம் மாதத்தில் வீட்டுக்கு வந்த செவிலியர் அம்மா ஒருவர், கிண்ணத்தில் இருந்ததை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தார். அத்தனையும் வழிந்து ஓடியது. பிறகு அதே சாதத்தில் வெந்த பருப்பும் முட்டையின் மஞ்சள் கருவும் சேர்த்து, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, கையாலேயே மசித்து மறுபடியும் சாய்த்தார். ஸ்பூனிலேயே நின்றது. "குழந்தைக்கு வயிறு சின்னதும்மா, அதைத் தண்ணியால ரொப்பாதே" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறது. இதற்கு வறுமை, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் பருப்பும் முட்டையும் இருக்கும் வீட்டிலும் குழந்தைக்குத் தெளிநீரே போகிறது என்பதை நான் என் கையாலேயே செய்து பார்த்திருக்கிறேன். ஆகவே வகுப்பில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் காட்டுங்கள். அங்கேயே ஒவ்வொரு தாயையும் மசிக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் முதல் எட்டு மாதம் வரை நாளைக்கு இரண்டு, மூன்று வேளை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று, நான்கு வேளை என்ற கணக்கையும், டீயில் நனைத்த பிஸ்கட் ஒரு வேளை உணவாகாது என்பதையும் அந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டே சொல்லலாம்.

இன்னொன்று. எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் காலை ஆறு மணிக்கே வீட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பகலில் குழந்தைக்கு ஊட்டுவது ஆயாதான், அதாவது வீட்டிலிருக்கும் பாட்டி. பதினொரு மணி வகுப்புக்கு அந்தத் தாய் வர முடியாது. ஆயாவை யாரும் அழைப்பதில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் இருவரையும் சேர்த்து அழையுங்கள். எங்கள் தெருவில் நடத்துவதானால் அடுப்பும் குக்கரும் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
வியாசர்பாடி, சென்னை