தவணை நிறைவுக் கடிதம்: வரலாற்றுக் கண்காட்சி பற்றியும் சில வார்த்தைகள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பேச்சுப் போட்டி, விளையாட்டுப் போட்டி, தேர்வு எல்லாம் நல்லபடியாக நடந்து முடிந்தன. பங்குபற்றிய பிள்ளைகள் அனைவருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், சென்ற சனிக்கிழமை நடந்த ‘பிரித்தானிய வரலாறும் கதைகளும்’ கண்காட்சி. 1666 லண்டன் பெருந்தீயைக் காட்டிய மாதிரியில் மரவீடுகள் சிவப்பு விளக்கில் ஒளிர்ந்தன, தேம்ஸில் தண்ணீர்கூட ஓடியது. தீ எங்கே தொடங்கியது என்று கேட்டோம். பிள்ளை அப்பாவைப் பார்த்தது. “புடிங் லேன் பேக்கரி” என்று அப்பா சொன்னார். சரியான பதில்தான். புள்ளி யாருக்குப் போடுவது?

ஒரு குடும்பத்தை மட்டும் சொல்லவில்லை, பல மேசைகளில் இதே நிலைதான். பழங்கால இங்கிலாந்து மன்னர் கனூட் அலையை அடக்கப் பார்த்த முட்டாள் என்று இரண்டு பதாகைகளில் ஒரே வசனம், எழுத்து மாறாமல். பழைய கதையில் அவர் கடலோரம் உட்கார்ந்ததே, மன்னனின் அதிகாரம் கடலிடம் செல்லாது என்று காட்டத்தான். கொஞ்சம் வாசித்திருந்தால் பிள்ளையே கண்டுபிடித்திருக்கும்.

மூலையில் ஒரு கோணல் படம் இருந்தது: ஆல்பிரட் மன்னரும், பார்த்துக்கொள்ளச் சொல்லியும் அவர் கவனிக்காமல் கருகவிட்டதாகக் கதை சொல்லும் ரொட்டிகளும். எழுத்துப் பிழைகள் நிறைய. உண்மையா என்று கேட்டதற்கு, “இல்லை, அவர் செத்து ரொம்ப நாளைக்குப் பிறகுதான் எழுதினார்களாம்” என்று உடனே பதில் வந்தது. முதல் பரிசு அதற்குத்தான். அதை எதிர்த்து ஆசிரியையிடம் குரல் உயர்த்தியது முறையல்ல. இங்கே கற்பிப்பவர்கள் ஊதியமில்லாமல் வருகிறார்கள். இனி அப்படி நடந்தால் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த தவணையிலிருந்து செயற்திட்டங்கள் வகுப்பிலேயே செய்யப்படும். வீட்டில் செய்தவை காட்சிக்கு வைக்கப்படமாட்டா.

வேலை முடிந்து வந்து நள்ளிரவு வரை அட்டை வெட்டியது பிள்ளை மேலுள்ள அன்பினால்தான், தெரியும். அந்த நேரத்தில் கதை சொல்லுங்கள். விடுமுறையில் பெருந்தீயின் நினைவுத்தூணுக்குக் கூட்டிப்போங்கள். 311 படிகள். தூணின் உயரம் 202 அடி, தீ தொடங்கிய இடம் அங்கிருந்து அதே 202 அடி தூரம். அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நவம்பரில், லண்டனில் நாடாளுமன்றத்தைத் தகர்க்கத் திட்டமிட்ட 1605 வெடிமருந்துச் சதி பற்றிய கண்காட்சி. சதிகாரர்களில் ஒருவரான கை ஃபோக்ஸ் (Guy Fawkes) காவல் காத்த 36 வெடிமருந்துப் பீப்பாய்களையும் பிள்ளைகளே அட்டையில் செய்வார்கள். வெற்று அட்டைப்பெட்டிகளை மட்டும் கொடுத்தனுப்புங்கள்.

மேசை தூக்கியவர்களுக்கும், தேநீரும் வடையும் தந்தவர்களுக்கும், மண்டபத்தைக் கூட்டிவிட்டுப் போனவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்